பழுதான வன்தட்டிலிருந்து கோப்புகளை மீட்ட அனுபவம்

மடிக்கணினி இயங்கத் தொடங்க நெடுநேரம் பிடித்ததும், சில கோப்புறைகளைத் தொட்டாலே திரை உறைந்ததும் மென்பொருள் கோளாறாக எனக்குத் தோன்றவில்லை. வன்தட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவில், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்களின் (தட்டில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்) எண்ணிக்கையைக் காட்டும் 197ஆம் மதிப்பு பார்க்கும்போதெல்லாம் ஏறியிருந்தது. பழுது பரவிக்கொண்டிருந்தது; அதற்குள் படித்தெடுத்தால்தான் உண்டு.

விண்டோஸ், தட்டைச் சோதித்துச் சரிசெய்யட்டுமா என்று கேட்டது. நான் சம்மதிக்கவில்லை. அந்தச் சோதனை கோப்பு முறைமையை (எந்தக் கோப்பு தட்டில் எங்கே உள்ளது என்னும் ஒழுங்கு) சரிப்படுத்துவதற்காகத் தட்டின்மீதே எழுதுகிறது. சாகும் தறுவாயில் உள்ள தட்டில் எழுதினால், பிழைத்திருக்கும் கோப்புகளின் பதிவுகளும் கெடலாம். ஆகவே கணினியை அணைத்துவிட்டு, பென்டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை இயக்கி, முழுத் தட்டையும் அதைவிடப் பெரிய வெளி வன்தட்டு ஒன்றில் படிமமாக, அதாவது உள்ளதை உள்ளபடியே ஒரே கோப்பாக, நகலெடுக்கத் தீர்மானித்தேன்.

இதற்கு நான் பயன்படுத்தியது டிடிரெஸ்க்யூ என்னும் இலவச மென்பொருள். சாதாரண நகலெடுப்பு பழுதான இடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இதுவோ எளிதில் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, சிக்கலான இடங்களைத் தாண்டிச் சென்று, பிறகு அவற்றுக்குத் திரும்பிவந்து சிறுசிறு துண்டுகளாகச் சுரண்டி எடுக்கிறது. எதை எடுத்தோம், எது மிச்சம் என்பதையெல்லாம் ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொள்வதால், தட்டு சூடேறும்போது நிறுத்தி, ஆறிய பின் விட்ட இடத்திலிருந்தே தொடர முடிந்தது. பெரும்பகுதி விரைவாக வந்தது. எஞ்சிய சிறு பகுதிதான் பொறுமையைச் சோதித்தது. புதிதாக எதுவும் வராத நிலையில் நிறுத்திக்கொண்டேன்.

தட்டிலிருந்து 'டக் டக்' என்ற ஓசை வந்திருந்தால் இதில் எதையும் செய்திருக்க மாட்டேன். அது படிப்புமுனை பழுதானதன் அறிகுறியாக இருக்கலாம். தொடர்ந்து ஓட்டினால் தகட்டின் மேற்பரப்பே உராய்ந்துபோகும், தூசற்ற அறை கொண்ட மீட்பு நிலையத்தால்கூடப் பிறகு உதவ இயலாமல் போகும். தட்டைக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் வைக்கச் சொல்லும் பழைய ஆலோசனையும் ஆபத்தானது. உள்ளே ஈரம் படியும்.

அதன்பின் எல்லா வேலையும் படிமத்தின்மீதுதான். எழுத முடியாத முறையில் அதை இணைத்தபோது பெரும்பாலான கோப்புறைகள் அப்படியே திறந்தன. சில ஆண்டுகளின் புகைப்படக் கோப்புறைகள் மட்டும் பட்டியலிலேயே இல்லை. அவற்றிலிருந்த படங்களை ஃபோட்டோரெக் என்னும் மீட்பு மென்பொருள் தேடித் தந்தது. கோப்பு முறைமையைப் பொருட்படுத்தாமல், ஒவ்வொரு வகைக் கோப்பும் தொடங்கும் அடையாள பைட்டுகளைக் கொண்டு அது கண்டுபிடிக்கிறது. ஆதலால் பெயரும் கோப்புறையும் திரும்ப வரவில்லை, துண்டு துண்டாகச் சிதறியிருந்த படங்கள் பாதியே திறந்தன. படங்களுக்குள் கேமரா பதித்திருந்த தேதியை வைத்து அடுக்கியதுதான் இந்த முயற்சி முழுவதிலும் நெடிய வேலை. ஆனாலும் ஒவ்வொரு முகமாகத் திரும்பிவரக் கண்டபோது அந்த உழைப்பு எனக்குப் பாரமாகவே இல்லை. விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் தட்டு பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்பு விசையின்றி இவற்றில் எதுவும் கைக்கு வந்திராது.

புதிய தட்டு பொருத்துவது எளிதாகவே முடிந்தது. 2.5 அங்குலத் தட்டுகளில் 7 மில்லிமீட்டர், 9.5 மில்லிமீட்டர் என இரு தடிமன்கள் பரவலாக உள்ளன என்பதால் முன்பே அளந்துகொண்டேன். மின்கலத்தின் இணைப்பைக் கழற்றிய பிறகே மற்ற திருகுகளைத் தொட்டேன். விண்டோஸ் உரிம விசை தாய்ப்பலகையிலேயே பதிந்திருந்ததால், அதே பதிப்பை நிறுவியதும் இணையம் வழியே தானாகச் செயல்பட்டது.

இம்முறை, சுழலும் தகடுகளின்றிச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்எஸ்டியைத் தேர்ந்தேன். அது வேகமானது; ஆனால் அழித்த கோப்பு இருந்த இடத்தைக் காலி செய்யச் சொல்லும் ட்ரிம் வசதி இயங்கும் எஸ்எஸ்டியில் அழித்த கோப்பை ஃபோட்டோரெக் போன்றவற்றால் மீட்பது பெரும்பாலும் இயலாது. ஆகவே மீட்டவற்றைப் புதிய தட்டில் மட்டுமன்றித் தனி வெளித் தட்டிலும் சேமித்திருக்கிறேன். பாதியே திறந்த படங்களைச் சீர்செய்யும் வேலை மீதமிருப்பதால், படிமத்தையும் வரைபடக் கோப்பையும் இன்னும் அழிக்கவில்லை.