இறங்கும்போது பின்னால் போகும் டிரைவர் சீட், சில சமயம் ஏன் போவதில்லை?

ஒரே வண்டி, ஓட்டுபவர்கள் இரண்டு பேர். மனைவி ஓட்டிவிட்டு இக்னிஷனை அணைத்தால் டிரைவர் சீட் சமர்த்தாகப் பின்னால் நகர்ந்து வழிவிடுகிறது. கணவர் ஓட்டிவிட்டு அணைத்தால் அசைய மாட்டேன் என்கிறது. வண்டியின் கணினி பதிந்துவைக்கும் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தால் ஃபால்ட் கோட் ஒன்றும் இல்லை. இல்லாத பழுதுக்குக் கோட் எங்கிருந்து வரும்? கணவர் உயரமானவர், சீட்டை ஏற்கெனவே கிட்டத்தட்டக் கடைசிவரை தள்ளி வைத்து ஓட்டுகிறார். அவ்வளவுதான் விஷயம்.

ஈஸி என்ட்ரி, ஈஸி எக்ஸிட், ஈஸி ஆக்சஸ் என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருக்கும் இந்த வசதி எத்தனை மில்லிமீட்டர் நகரும், எப்போது நகராது என்பதை ஜீப், டாட்ஜ், ராம் வண்டிகள் பலவற்றின் கையேடுகள் எண்ணோடு சொல்கின்றன. சீட் போகக்கூடிய பின்கடைசி எல்லையிலிருந்து 67.7 மி.மீ. அல்லது அதற்கு மேல் முன்னால் இருந்தால், சுமார் 60 மி.மீ. பின்னால் போகும். 22.7க்கும் 67.7க்கும் இடையில் இருந்தால், எல்லைக்கு 7.7 மி.மீ. இருக்கும்போது நின்றுவிடும். 22.7க்கும் குறைவாக இருந்தால் நகரவே நகராது.

எண்கள் விசித்திரமாகத் தெரியும். கழித்துப் பாருங்கள், புரிந்துவிடும். 67.7இல் 60 போனால் 7.7. அதாவது எந்த நிலையிலிருந்து கிளம்பினாலும் கடைசி 7.7 மி.மீ.க்குள் சீட் நுழையாது. தினமும் பத்து முறை ஸ்டாப்பரில் போய் முட்டினால் மோட்டாரும் கியரும் எத்தனை நாள் தாங்கும்? 22.7இல் 7.7 போனால் 15. ஆக, 15 மி.மீ. கூட நகர இடமில்லை என்றால் அந்த அசைவால் யாருக்கும் பலனில்லை, விட்டுவிடு என்பது கணக்கு. சீட் எல்லையிலிருந்து 50 மி.மீ. முன்னால் இருந்தால் 42 மி.மீ. சொச்சம் நகரும், 30 மி.மீ. என்றால் 22 மி.மீ. சொச்சம், 20 மி.மீ. என்றால் ஒன்றுமில்லை. உங்கள் வண்டியில் சோதிக்க ஸ்கேனரே வேண்டாம். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, ரெயில் பக்கத்துத் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். வழக்கமாக ஓட்டும் நிலைக்கு வந்து ஸ்கேலால் அளந்தால் தெரிந்துவிடும்.

மற்ற கம்பெனிகளின் எண் வேறாக இருக்கும், தர்க்கம் பெரும்பாலும் இதுதான். டொயோட்டா, லெக்சஸ் கையேடுகளிலும் ‘சீட் ஏற்கெனவே பின்கோடியில் இருந்தால் இயங்காமல் போகலாம்’ என்று ஒரு வரி உண்டு. யார் படிக்கிறார்கள்!

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். உயரமானவருக்கு சீட் பின்னால் போகாமல் இருப்பதே நல்லது. கதவுக்குப் பின்னால் நிற்கும் நடுத்தூணை, பி பில்லர் என்பார்களே, அதைக் கவனியுங்கள். சீட் பின்னால் போகப் போக இடுப்பும் தோளும் அந்தத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பிறகு முன்னால் வளைந்து, பக்கவாட்டில் நழுவி, தலையைக் குனிந்து இறங்க வேண்டியதுதான். குட்டையானவருக்கோ நேர் எதிர்: பெடலை எட்டுவதற்காக ஸ்டீயரிங்கை ஒட்டி உட்கார்ந்திருப்பார், தொடைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே கைகூட நுழையாது. அவருக்கு 60 மி.மீ. பெரிய வரம்.

அதனால்தான் என் கணக்கில் இந்த வசதியின் உயிர் ஸ்டீயரிங்கில் இருக்கிறது. மின்சாரத்தில் நகரும் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் அது மேலே எழும்பி உள்ளேயும் போய்விடும். உயரமானவருக்கும் முழங்கால் தட்டாமல் வெளியே வர அது ஒன்றே போதும். லெக்சஸ் மாதிரி வண்டிகளில் சீட் அசைவையும் ஸ்டீயரிங் அசைவையும் தனித்தனியாக மாற்றலாம். உயரமானவர் சீட்டை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஸ்டீயரிங் கையால் தள்ளும் ரகமாக இருந்தால் சீட் மட்டும்தான் நகரும். பாதி வசதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. பல வண்டிகளில் சீட் ரெயில் முன்பக்கம் சற்றே உயர்ந்து சாய்வாக இருக்கும். பின்னால் போகும்போது சீட் கொஞ்சம் தாழும். சாய்வு ஐந்து டிகிரி என்றால் 60 மி.மீ.க்கு ஐந்து மி.மீ.தான் தாழும், பெரிதில்லை. ஆனால் தாழ்வான செடானில் எழுந்திருக்கச் சிரமப்படுபவர் இந்த வசதியை நம்பாமல், சீட் உயரத்தையே இரண்டு விரல்கடை ஏற்றி, சீட் நிலையை நினைவில் வைக்கும் மெமரியில் பதிந்துவிடுவது நல்லது. உயரமான எஸ்யூவியில் பிரச்சினை தலைகீழ், கால் தரைக்கு எட்டாது. அதற்கு சீட் உதவாது, ஃபுட் ஸ்டெப்தான் உதவும்.

சீட் எதைப் பார்த்துப் பின்னால் போகிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் இக்னிஷனை அணைத்து டிரைவர் கதவைத் திறக்க வேண்டும். டொயோட்டாவில் கியர் பி-யில், அதாவது பார்க்கில் இருக்க வேண்டும், இக்னிஷன் ஆஃப் ஆக வேண்டும், சீட் பெல்ட்டும் கழற்றியிருக்க வேண்டும். திரும்ப ஏறி இக்னிஷனைப் போட்டாலோ பெல்ட் மாட்டினாலோ பழைய இடத்துக்கு வரும். டெஸ்லாவில் மில்லிமீட்டர் கணக்கே இல்லை. ஈஸி என்ட்ரி என்று தனி ப்ரொஃபைல் உருவாக்கி, சீட்டும் ஸ்டீயரிங்கும் எங்கே நிற்க வேண்டும் என்று நீங்களே பதிந்துவைக்கலாம். பார்க்கில் போட்டு பெல்ட்டைக் கழற்றினால் அந்த நிலைக்குப் போகும், மறுபடி ஏறி பிரேக்கை மிதித்தால் ஓட்டும் நிலைக்கு வரும். எனக்கு இதுதான் சரியான வழியாகப் படுகிறது. உயரமானவர் சீட்டைப் பின்னால் தள்ளாமல் ஸ்டீயரிங்கை மட்டும் ஏற்றிப் பதிந்துகொள்ளலாமே.

இந்த வேறுபாடு தெரியாததால் வரும் தொல்லை ஒன்று உண்டு. கதவு திறந்தால் நகரும் வண்டியில் ஒரு காலைத் தரையில் வைத்த பிறகு சீட் இழுக்கும், தடுமாறும். வயதானவர்கள் விழப் பார்ப்பதும் இங்கேதான். கதவை ஒரு ஜாண் திறந்துவிட்டு, மூன்று நான்கு நொடி உட்கார்ந்தே இருந்து, சீட் நின்ற பிறகு காலை எடுக்கச் சொல்லுங்கள். பெல்ட்டைக் கழற்றியதும் நகரும் வண்டியில் இந்தச் சங்கடம் குறைவு.

பல வண்டிகளில் இது கம்பெனியிலிருந்து ஆஃப் நிலையில்தான் வரும். ஹூண்டாய், கியாவில் வண்டி செட்டிங்ஸில் வசதிகள் பகுதிக்குள் ‘சீட் ஈஸி ஆக்சஸ்’ என்று தேடுங்கள். ஜீப் வகையறாவில் யூகனெக்ட் திரையின் செட்டிங்ஸில் இருக்கும். ஆன் செய்வதற்கு முன் மெமரியைச் சரியாகப் பதியுங்கள்: முதலில் சீட், பிறகு ஸ்டீயரிங், கடைசியில் பக்கக் கண்ணாடிகள், அதன் பிறகு செட் பட்டன், சில நொடிக்குள் 1 அல்லது 2. சீட்டை நகர்த்தினால் கண்ணாடியில் தெரியும் கோணம் மாறிவிடும், அதனால்தான் கண்ணாடி கடைசி. சாவியோடு மெமரி இணையும் வண்டியில் இரண்டு பேரும் ஒரே சாவியை மாற்றி மாற்றி எடுத்துப் போனால் சீட்டுக்குக் குழப்பம் வருவது சீட்டின் தப்பில்லை.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பின்நோக்கிப் பார்க்கும் கைக்குழந்தை இருக்கை மாட்டியிருந்தால் இந்த வசதியை ஆஃப் செய்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முன்சீட் அதன்மேல் சாய்ந்து தள்ளும். பின்னால் உட்கார்ந்திருப்பவர் கால்விரலை சீட்டுக்கு அடியில் நுழைத்திருக்கலாம்; அவர் அலறினால் சீட்டின் எந்த சுவிட்சையாவது தொடுங்கள், பெரும்பாலான வண்டிகளில் தானியங்கி அசைவு அங்கேயே நின்றுவிடும்.

இனி நிஜப் பழுதுக்கு வருவோம். சீட்டுக்கு அடியில் 12 வோல்ட் டிசி மோட்டார், அதிலிருந்து கியர் வழியாக ரெயிலுக்குள் ஓடும் திருகுத்தண்டு. சீட் எங்கே இருக்கிறது என்று சீட்டைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான மாட்யூலுக்குச் சொல்வது, மோட்டாரில் உள்ள, காந்தத்தை உணரும் ஹால் சென்சார். மோட்டார் சுற்றச் சுற்ற அது பல்ஸ், அதாவது சின்னச் சின்ன மின் துடிப்புகள் அனுப்பும், மாட்யூல் எண்ணிக்கொண்டே இருக்கும். பழுதுகளில் பாதியை இந்த எண்ணிக்கையை வைத்தே பிடித்துவிடலாம்.

சுவிட்சை அழுத்தினால் ஒரு அங்குலம் நகர்ந்து நிற்கிறது, விட்டு அழுத்தினால் இன்னொரு அங்குலம். மோட்டார் நன்றாக இருக்கிறது, பல்ஸ் வரவில்லை. பல்ஸ் இல்லையென்றால் ஏதோ தடுக்கிறது என்று நினைத்து மாட்யூல் மோட்டாரை நிறுத்துகிறது. சென்சார் வயர், வயர்களை இணைக்கும் கப்ளரின் பின் இரண்டையும் முதலில் பாருங்கள். சீட் முன்னும் பின்னும் ஓடி வயர் இழுபட்டு அறுவது சகஜம். சுவிட்சில் முழுதாக ஓடுகிறது, மெமரி மட்டும் வேலை செய்யவில்லை என்றால், சமீபத்தில் பேட்டரி மாற்றினீர்களா என்று யோசியுங்கள். பல வண்டிகளில் எல்லைகளை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். பொதுவாக முன்கடைசி வரை ஓட்டி சுவிட்சைச் சில நொடி பிடித்திருந்து, பின்கடைசிக்கும் அதே போலச் செய்வார்கள். சரியான முறை கையேட்டில் இருக்கும். சுவிட்ச், மெமரி இரண்டும் சரி, இறங்கும்போது மட்டும் நகரவில்லை என்றால் சந்தேகம் சீட்டின் மேல் இல்லை. கதவுப் பூட்டுக்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்ச் அல்லது பெல்ட் பக்கிளுக்குள் இருக்கும் சுவிட்சைப் பாருங்கள். கதவைத் திறந்தால் உள்விளக்கு எரிகிறதா, டேஷ்போர்டில் கதவு படம் வருகிறதா? இல்லையென்றால் குற்றவாளி பூட்டுதான்.

சீட் கோணலாக, ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தால் ஓட்டாதீர்கள். ஒரே மோட்டாரிலிருந்து இரண்டு ரெயிலுக்கும் வளையும் கேபிள் போகும் அமைப்பில் ஒரு முனை கழன்றிருக்கும். கேபிளை அப்படியே மாட்டினால் கோணல் நிரந்தரமாகிவிடும். இரண்டு ரெயிலையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே மாட்ட வேண்டும்.

சீட்டைக் கழற்றும்போது பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது: பாதுகாப்பு என்று சொல்லி முதல் வேலையாக பேட்டரியைக் கழற்றிவிடுவார்கள். பிறகு போல்ட்டுக்கு மேல் சீட் உட்கார்ந்திருக்கும், நகர்த்த கரன்ட் இருக்காது. முதலில் சீட்டை முன்னால் ஓட்டி பின் போல்ட்டுகள், பின்னால் ஓட்டி முன் போல்ட்டுகள், அதன் பிறகு இக்னிஷன் ஆஃப், பேட்டரி நெகட்டிவ், காத்திருப்பு, கடைசியில் கப்ளர்கள். மஞ்சள் கப்ளர் ஏர்பேக்குக்கும், விபத்தில் பெல்ட்டை இறுக்கும் பெல்ட் டென்ஷனருக்கும் உரியது. அதற்காகத்தான் காத்திருப்பு, டொயோட்டா 90 நொடி என்கிறது, உங்கள் கம்பெனி என்ன சொல்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். சுவிட்சோ மாட்யூலோ செத்து சீட் போல்ட்டின் மேல் நின்றுவிட்டால், மோட்டார் கப்ளரை மாட்யூலிலிருந்து பிரித்துவிட்டு, மோட்டாரின் இரண்டு தடித்த வயர்களுக்கு ஃப்யூஸ் போட்ட 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். முனையை மாற்றிக் கொடுத்தால் திசை மாறும். திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளுக்கு, குறிப்பிட்ட அளவுக்குச் சரியாக முறுக்கும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். பல வண்டிகளில் பெல்ட் பக்கிள் சீட்டோடுதான் சேர்ந்திருக்கிறது, விபத்தில் உங்களைப் பிடித்துவைப்பது அந்த போல்ட்டுகள்தான்.

ரெயிலில் மாட்டும் சாமான்களுக்குக் கணக்கே இல்லை: ஒரு ரூபாய், பேனா மூடி, ஃபாஸ்டேக் ரசீது, காய்ந்துபோன டீ. வேக்குவம் போட்டு, துணியால் துடைத்து, வெள்ளை லித்தியம் கிரீஸை விரல் நுனியளவு மட்டும் தடவுங்கள். துருநீக்கி ஸ்பிரேயை அடித்தால் இருக்கும் கிரீஸும் கரைந்து ஓடிவிடும். இரண்டு மாதத்தில் கிறீச்சிடும்.

வெளிக்கடையில் கிட் போட்டு இந்த வசதியைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மோட்டாரில் ஹால் சென்சார் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாத சீட்டில் போடும் கிட் நேரத்தை வைத்து ஓட்டும், மூன்று நொடி பின்னால், மூன்று நொடி முன்னால். பின்னால் போகும்போது எஞ்சின் அணைந்திருக்கும், பேட்டரியில் 12 வோல்ட் சொச்சம். முன்னால் வரும்போது எஞ்சின் ஓடும், 14 வோல்ட் இருக்கும், மோட்டார் வேகமாகச் சுற்றும். ஆனால் ரெயில் சாய்வில் ஏறவும் வேண்டும். இரண்டும் ஒருபோதும் சமமாகாது. ஒவ்வொரு முறையும் சில மில்லிமீட்டர் விலகி, வார இறுதியில் பெடல் எட்டாமல் போகும், இல்லையென்றால் முழங்கால் டேஷ்போர்டைத் தட்டும்.