ஆயிரத்து நாற்பத்தொன்று எந்த வகுப்பு?

பேஸ் புத்தகங்களில் (ஏ.சி.இ. என்ற கிறிஸ்தவப் பாடத்திட்டத்தின் எண் போட்ட சிறு புத்தகங்கள்) படித்த பிள்ளையை, வகுப்புவாரியாகப் பாடம் நடத்தும் இன்னொரு கிறிஸ்தவப் பள்ளிக்கு மாற்றப் போகிறீர்களா? பன்னிரண்டால் வகுக்கத் தயாராகப் போங்கள். நான் அப்படிப் போகவில்லை. மூன்று தடவை அலைந்தேன். என் மகள் ஒரு வருடம் பின்னால் தள்ளப்படுவதிலிருந்து மயிரிழையில் தப்பினாள்.

வீடு மாறியதால் பள்ளியும் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டும் தனியார் கிறிஸ்தவப் பள்ளிகள். இரண்டிலும் காலை ஜெபத்தோடுதான் நாள் தொடங்கும், வாரம் ஒரு மனப்பாட வசனம் உண்டு. அப்புறம் என்ன, தொடக்கப் பள்ளிப் பாடம்தானே, ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். விண்ணப்பம், கட்டணம், பள்ளியின் விசுவாச அறிக்கையில் கையெழுத்து எல்லாம் ஒரே காலையில் முடிந்தன. சிக்கல் மதிப்பெண் பட்டியலில் ஆரம்பித்தது.

அலுவலகத்தில் இருந்த அம்மையார் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். "மேடம், இதில் வகுப்பே போடவில்லையே?"

"அந்தப் பள்ளியில் வகுப்பு கிடையாதுங்க. புத்தக எண்தான். கணக்கு 1041."

"ஆயிரத்து நாற்பத்தொன்றா? எத்தனைக்கு?"

அதை மார்க் என்று நினைத்துவிட்டார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு யோசித்தால் அவர் மேல் முழுத் தப்பும் இல்லை. அந்த முறையை நேரில் பார்க்காதவர்களுக்கு அது புரியாது. ஒவ்வொரு பாடத்துக்கும் வருடத்துக்குப் பன்னிரண்டு சிறு புத்தகங்கள். 1001 முதல் 1012 வரை முதல் வகுப்பு, 1013 முதல் 1024 வரை இரண்டாம் வகுப்பு, அப்படியே மேலே போகும். பிள்ளை தன் வேகத்தில் படிக்கும். முடிவுத் தேர்வில் 80 சதவீதம் எடுத்தால்தான் அடுத்த புத்தகம். அதனால் ஒரே பிள்ளை ஒரு பாடத்தில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருக்கும். என் மகள் கணக்கில் 1041, அதாவது நான்காம் வகுப்பின் ஐந்தாவது புத்தகம். ஆங்கிலத்தில் 1033, மூன்றாம் வகுப்பின் ஒன்பதாவது. சொல் பயிற்சியில் 1045.

இதையெல்லாம் நின்றபடியே விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கணினியில் ஒரு வகுப்புதான் போட முடியும்" என்றார். இருப்பதில் சின்னது எதுவோ அதைப் போட்டார். மூன்று!

போதாக்குறைக்கு உறைகள். பழைய பள்ளி பட்டியலை மூடிய உறையில்தான் கொடுத்தது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே நான் பிரித்துவிட்டேன். பிரித்த உறை செல்லாதாம், பள்ளியிலிருந்து நேராக வர வேண்டுமாம். போதகரின் பரிந்துரைக் கடிதத்துக்கும் இதே கதி. அவர் பாவம், என் கையிலேயே கொடுத்து ஜெபித்து அனுப்பினார். அதை மறுபடி எழுதி அவரே நேராக அனுப்ப வேண்டியதாயிற்று. விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இதெல்லாம் இருக்கிறது. நான் படித்தது இரண்டாம் தடவை அலைந்து திரும்பிய பிறகு.

தரம் பார்க்கும் தேர்வை மட்டும் மறக்க முடியாது. வாசிப்பு பிரமாதம். அவ்வளவு வேகமாகப் படித்தாளாம். கணக்கில் ஓரிடத்தில் சந்தேகம் வந்திருக்கிறது. கையைத் தூக்கவில்லை. மேசையில் கொடியைத் தேடியிருக்கிறாள்! பழைய பள்ளியில் தடுப்பு வைத்த மேசையில் தனியாக உட்கார்ந்து படிப்பார்கள். உதவி வேண்டுமென்றால் சின்னக் கொடியைத் தூக்கி வைத்தால் மேற்பார்வையாளர் வருவார். இங்கே கொடியும் இல்லை, யாரும் வரவும் இல்லை. கேள்வியை அப்படியே விட்டுவிட்டாள். போதாததற்கு, எழுதி முடித்ததும் எழுந்து போய், "விடைப் புத்தகமும் சிவப்புப் பேனாவும் எங்கே?" என்று கேட்டிருக்கிறாள். அங்கே பிள்ளைகளே தங்கள் பக்கங்களைத் திருத்துவது வழக்கம். தேர்வு நடத்திய ஆசிரியை முகம் எப்படி இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

அடி விழுந்தது கட்டுரையில்தான். "எனக்குப் பிடித்த ஒரு நாள்" என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள், மூன்று வரி எழுதினாள். இதற்கு நான்தான் பொறுப்பு. மூன்று வருடமாக அவள் கோடிட்ட இடத்தை நிரப்புவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் ஒரு நாளாவது ஒரு முழுப் பக்கம் எழுத வைக்கவில்லை. மாற்றும் எண்ணம் இருப்பவர்கள் ஆறு மாதம் முன்பே இதைத் தொடங்கிவிடுங்கள்.

மூன்றாம் தடவை போனபோது அலுவலகத்தில் நிற்காமல் நேராகத் தொடக்கப் பள்ளி ஒருங்கிணைப்பாளரைப் பார்க்க நேரம் வாங்கினேன். அரைத்தாளில் ஒரு அட்டவணை: பாடம், கடைசி எண், அது எந்த வகுப்பின் எத்தனையாவது புத்தகம், தேர்வு மதிப்பெண். கூடவே அவள் முடித்த புத்தகங்களில் சிலவற்றையும் கொண்டுபோனேன். மஞ்சள் கணக்கு, சிவப்பு ஆங்கிலம், நீல அறிவியல். அவர் அட்டவணையைப் பார்த்தார், கணக்குப் புத்தகத்தைப் புரட்டினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "நான்காம் வகுப்பே சரி. எழுத்துக்கு மட்டும் முதல் பருவம் கூடுதல் வகுப்பு" என்றார். இரண்டு தடவை கவுன்டரில் தொண்டை வற்றியது எதற்கு என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அலுவலகத்தில் மூன்றை அடித்து நான்கு போட்டபோது நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். உள்ளூர ஒரு சந்தோஷம், மறைப்பானேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முதல் வாரம் வசனத் தேர்வு, 23ஆம் சங்கீதம். அவளுக்குத் தலைகீழாகத் தெரியும், ஆனால் கிங் ஜேம்ஸ் என்ற பழைய ஆங்கில வேதாகம மொழிபெயர்ப்பில். இந்தப் பள்ளியில் என்.ஐ.வி. என்ற புதிய மொழிபெயர்ப்பு. அவள் "ஸ்டில் வாட்டர்ஸ்" என்று எழுத, இங்கே அது "க்வையட் வாட்டர்ஸ்". "லீட்ஸ்" என்பதன் பழைய வடிவமான "லீடெத்" என்று எழுதியதற்கு எழுத்துப் பிழை என்று தனியாக ஒரு வட்டம் வேறு! அழுதுகொண்டே வந்தாள். ஆசிரியைக்கு ஒரு குறிப்பு எழுதினேன். அந்தப் பருவம் மட்டும் பழைய மொழிபெயர்ப்பை ஏற்றுக்கொள்வதாகப் பதில் வந்தது. எந்த மொழிபெயர்ப்பு என்று சேர்க்கும்போதே கேளுங்கள், வருட மனப்பாடப் பட்டியலையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். பாட வரிசை அட்டவணையும் கேட்டால் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் யாரும் எடுத்து நீட்ட மாட்டார்கள்.

இப்போது கட்டுரை ஒரு பக்கம் தாண்டுகிறது. வீட்டுப் பாடம் முடிந்ததும் சிவப்புப் பேனாவைத் தேடுவதுதான் இன்னும் நிற்கவில்லை. போன வாரம் தானே திருத்தி, தானே சரி போட்டுக் கொண்டுபோனாள். ஆசிரியை அதன் மேலேயே பச்சைப் பேனாவால் இன்னொரு தடவை திருத்தி அனுப்பியிருந்தார். இருவரும் கண்டுபிடித்த பிழைகள் அதே இரண்டுதான்.