கழுத்தில் தையல், கோத்தகிரிக் குளிர், ஒரு தலைக்குளியல்

டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தது ஒரே வரி: காயத்தில் ஈரம் படக்கூடாது. அக்காவுக்குத் தைராய்டு ஆபரேஷன். தலையிலிருந்து ஒரு சொட்டு வழிந்தாலும் கழுத்தில்தான் வந்து நிற்கும். "தலைக்கு எப்ப ஊத்தலாம் சிஸ்டர்?" என்று கேட்டதற்கு, "தண்ணி படாமப் பாத்து ஊத்துங்க" என்றார். எப்படிப் பார்த்து ஊற்றுவது என்பது ஒரு டிரெஸ்ஸிங்கை நாசமாக்கிய பிறகுதான் புரிந்தது.

கிளம்பும் முன்பே கேட்டிருக்க வேண்டியவை: போட்டிருப்பது தையலா, பசையா? மேலே இருப்பது தண்ணீர் புகாத பிளாஸ்டரா, வெறும் பஞ்சும் துணியுமா? தலைக்கு ஊற்றுவது எந்த நாளிலிருந்து? சிலருக்கு இரண்டு நாளிலேயே லேசாக நனைய விடுவார்கள், சிலருக்குத் தையல் பிரிக்கும்வரை கூடாது என்பார்கள். பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வீட்டுப் பெரியவர்கள் ஆளுக்கொன்று சொல்லும்போது காட்ட ஒரு தாள் வேண்டும்.

நாங்கள் செய்த தப்பு, குழாயடியில் குனிய வைத்து ஊற்றியது. குனிந்த தலையில் விழும் தண்ணீர் பிடரியில் தங்கி, காதுக்குக் கீழே சுற்றி, தாடை வழியாக நேரே காயத்துக்கு இறங்கிவிடும். தடுக்கத்தான் கழுத்தில் துண்டு கட்டியிருந்தோம். அது விளக்குத் திரி மாதிரி ஈரத்தை இழுத்து, காயத்தின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தது. அவிழ்த்துப் பார்த்தால் பஞ்சு சொதசொத.

அதற்காக மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் போய், வளைவுக்கு வளைவு கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினோம். அங்கே நடந்தது இரண்டு நிமிட வேலை. டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டினால் உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியிலேயே டிரெஸ்ஸிங் மாற்றுவார்கள் என்று பக்கத்து வீட்டு அண்ணி சொன்னது மறுநாள்!

பியூட்டி பார்லர் மாதிரி தலையைப் பின்னால் தொங்கவிடும் யோசனையும் வேண்டாம். கழுத்து பின்னுக்கு வளைந்தால் முன்னால் தையல் இழுபடும். கழுத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் கட்டுவது அதைவிட மோசம். மூச்சுக்கும் இடைஞ்சல், உள்ளே வியர்த்து அந்த ஈரமே காயத்தை ஊற வைக்கும்.

கடைசியில் கைகொடுத்தது கட்டில்தான். குறுக்காக மல்லாந்து படுக்க வேண்டும். தோள் கட்டிலின் விளிம்பில், தலை மட்டும் வெளியே. தோளுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள், அதுவும் கழுத்தை வளைத்துவிடும். ஒருவர் முட்டிபோட்டு உட்கார்ந்து பின்மண்டையை உள்ளங்கையில் தாங்க வேண்டும். உச்சந்தலை கழுத்தைவிட ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தால் போதும், தண்ணீர் தானாக உச்சி வழியாகவே போகும். அந்த ஒரு விரல்கடையில்தான் எல்லாம் இருக்கிறது.

தலைக்கு அடியில் வாய்க்கால் வேண்டும். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, கடையில் கவர் கேட்டால் முறைப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் குழந்தைக்குப் போடும் ரப்பர் ஷீட் ஒரு மீட்டர் வாங்குங்கள். இரண்டு ஓரத்திலும் பழைய துண்டைச் சுருட்டி வைத்தால் நடுவில் பள்ளம் விழும். மேல் நுனியைப் பிடரிக்கு அடியில் செருகி, கீழ் நுனியைப் பக்கெட்டுக்குள் விடுங்கள்.

ஊற்ற மக் வேண்டாம், டீ கெட்டில் எடுங்கள். மூக்கு வழியாக மெல்லிசாக விழும், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். தோள் நீளக் கூந்தலுக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் ஆகும். மொத்தத்தையும் முதலிலேயே விளாவி மூடி வையுங்கள். நடுவில் ஆறிப்போன தண்ணீர் பட்டால் ஆள் உடம்பைச் சிலிர்ப்பார், கழுத்து சுண்டும். ஒரு ஷாம்பு சாஷேயை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து விரலால் தடவினால் நுரையும் குறைவு, அலசுவதும் சுலபம். சீயக்காய் வேண்டாம், காய்ந்தபின் பொடி உதிர்ந்து கட்டுக்குள் போகும்.

சிக்கெடுப்பதை நனைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். ஈர முடியை இழுத்தால் கழுத்தும் கூடவே வரும். எண்ணெயும் வைக்காதீர்கள். முந்தின ராத்திரி வைத்த எண்ணெய் கழுத்துக்கு இறங்கினால் பிளாஸ்டர் ஓரம் பிடிப்பு விட்டுவிடும், நீலகிரித் தைலமும் அப்படியே. அலசி முடித்ததும் துண்டை நெற்றிப் பக்கம் முடிந்து கட்டி, இரண்டு நிமிடம் படுக்க வைத்து, பிறகு தோளைத் தாங்கி மெதுவாக எழுப்புங்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும்.

பஞ்சு நனைந்துவிட்டால் அப்படியே காயட்டும் என்று விடாதீர்கள், அன்றைக்கே மாற்றிவிடுங்கள். காயம் சிவந்தால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கழுத்து திடீரென்று வீங்கி மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் யோசிக்க வேண்டாம், 108.

எங்கள் ஊரில் பாதி வேலை முடியைக் காயவைப்பதுதான். பதினொரு மணிக்கு ஆரம்பித்தால்தான் வெயில் கிடைக்கும். மூன்று மணிக்கு மூட்டம் இறங்கிவிட்டால் ராத்திரிவரை ஈரம்தான். அன்று கரண்ட் நிறுத்தம் உண்டா என்று பார்த்துவிட்டு டிரையரை நம்புங்கள், அதையும் குறைந்த சூட்டில், காயத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பிடியுங்கள். சாம்பிராணிக்கு அம்மா எவ்வளவு அடம்பிடித்தாலும் அசையாதீர்கள். புகைக்கு ஒரு இருமல் வந்தால் போதும், கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பார்.