கிந்தாமணியில் பனி இல்லை

டீலர் டூர் என்றால் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். சிமென்ட், பெயின்ட், பூச்சிமருந்து கம்பெனிகள் வருட இலக்கை எட்டிய கடைக்காரர்களைக் கூட்டமாக பாங்காக், பாலி என்று அனுப்பிவைக்கும். கூடவே ஒரு சமையல்காரர், நாலு மூட்டை மளிகை, ஒரு டூர் மேனேஜர். பதினாறு வருடமாக அந்த டூர் மேனேஜர் நான்.

2017இல் பாலிக்குப் போன குழுவில் கோவில்பட்டிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் இருந்தார். முதல் வெளிநாட்டுப் பயணம். ஊரில் டாஸ்மாக் சரக்கைத் தொடமாட்டார், ‘அதுல என்னத்தக் கலக்கானோ’ என்பார். வெளிநாடு என்றால் அந்தச் சந்தேகமே கிடையாது. ‘ஃபாரின் சரக்கு’ என்ற இரண்டு வார்த்தைக்கு நம் ஆட்களிடம் இருக்கும் மரியாதை, அந்த ஊர்க்காரர்களிடம்கூட இருக்காது.

ஓட்டல் பாரில் ஒரு பெக்கின் விலையைக் கேட்டு மலைத்துப்போய், இரண்டாம் நாள் இரவு லெகியன் தெருவோரக் கடை ஒன்றில் பெயர்பெற்ற விஸ்கி பாட்டில் ஒன்றைப் பாதிக்கும் கீழான விலைக்கு வாங்கி வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. அறையில் கூட இருந்தவர் பீரோடு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை நன்றாகத்தான் இருந்தார். எட்டு மணிக்குப் பொங்கல் சாப்பிட்டு, இரண்டாவது தடவை சட்னி கேட்டு வாங்கினார். அன்றைக்கு கிந்தாமணி. மதியச் சாப்பாட்டுக்கு முன் எரிமலை தெரிகிற இடத்தில் பேனரைப் பிடித்துக்கொண்டு குரூப் போட்டோ. போட்டோ முடிந்ததும் என் கையைப் பிடித்து, “தம்பி, ஒரே பனியாவுல்லா இருக்கு, ஒண்ணும் தெரிய மாட்டேங்கே” என்றார். நான் சாப்பாட்டுக்குத் தலை எண்ணிக்கொண்டிருந்தேன். “மலைப் பிரதேசம் அண்ணாச்சி, அப்படித்தான் இருக்கும்” என்றேன். சொல்லிவிட்டு நகர்ந்தபிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். பளிச்சென்று வெயில். பாத்தூர் மலை அடிவாரத்து ஏரிவரை துடைத்துவைத்த மாதிரி தெரிந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நேற்றைய போதை தெளியவில்லை, பித்தம் என்று எலுமிச்சைச் சாறு கொடுத்து பஸ்ஸில் படுக்கவைத்தேன்.

இரண்டு மணி நேரம் அப்படியே போயிற்று. பிறகு அவர் மூச்சு வாங்க ஆரம்பித்தார். ஓடிவந்தவர் மாதிரி, படுத்துக்கொண்டே. எங்கள் லோக்கல் கைடு, பாலிக்காரப் பையன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டான்: “நேற்று இவர் என்ன குடித்தார்?” அந்த ஊரில் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்திருக்கிறது. 2009இல் அதே தீவில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்திருக்கிறார்கள், வெளிநாட்டுப் பயணிகள் உட்பட.

பஸ்ஸை நேராக டென்பசாருக்கு விட்டோம். மருத்துவர் நிதானமாக விளக்கினார். மெத்தனால் உள்ளே போனதும் விஷமில்லை. கல்லீரல் அதை உடைத்து ஃபார்மிக் அமிலமாக்கும்போதுதான் விஷம். அது முதலில் பிடிப்பது பார்வை நரம்பை. அரை நாள், ஒரு நாள் ஆகும். கூடவே நல்ல சாராயமும் கலந்திருந்தால் இன்னும் தள்ளிப்போகும். பொங்கல் சாப்பிட்டாரே என்று நான் கேட்டதற்கு அதுதான் பதில். மாற்று மருந்தாக அவர்கள் ஏற்றியதும் எத்தனால், அதாவது சாராயம்தான். கல்லீரல் அதைத்தான் முதலில் கவனிக்கும், மெத்தனால் உடைபடாமல் காத்துக்கிடக்கும், அதற்குள் டயாலிசிஸ் போட்டு வெளியே எடுத்துவிடுவார்கள். 2019இல் வியட்நாமில் ஒருவருக்கு மருத்துவர்கள் பதினைந்து கேன் பீர் கொடுத்துக் காப்பாற்றிய செய்தி வந்தபோது, ‘அப்போ பீர் அடிச்சா சரியாயிடுமா சார்’ என்று ஒரு குழுவில் கேட்டார்கள். டயாலிசிஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அன்று இரவு அறைக்குப் போய் அந்த பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். இந்தோனேசியாவில் மது பாட்டிலுக்குக் கலால் பட்டை ஒட்டியிருக்க வேண்டும். இதில் இல்லை. மூடியின் வளையம் முன்பே ஒருமுறை திருகியது போல நெகிழ்ந்திருந்தது. லேபிள் ஒரு நூல் கோணல். முகர்ந்தால் விஸ்கி வாசனைதான். வாசனையையும் ருசியையும் வைத்து மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது.

இங்கே ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். கரங்கசெம் பக்கத்துக் கிராமங்களில் அராக் காய்ச்சுகிறார்கள். தென்னை, பனங்கள்ளை வடித்து எடுப்பது. பனையை அங்கே லொந்தார் என்கிறார்கள், நம் பனையேதான். 2020இல் பாலி ஆளுநர் அந்தத் தொழிலை முறைப்படுத்தி ஆணை போட்டார். ஆளைக் கொல்வது பெரும்பாலும் அந்த அடுப்பு அல்ல. மதுவுக்குக் கடும் வரி இருக்கும் ஊரில், ஆலைக்குப் போகவேண்டிய மெத்தனாலை வாங்கி நல்ல பாட்டிலில் ஊற்றுகிறவன்தான். 2012இல் செக் நாட்டிலேயே இது நடந்து, இருபது சதவீதத்துக்கு மேல் காரமான மதுவின் விற்பனையைச் சில நாட்கள் அரசு நிறுத்திவைத்தது. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியங்கில் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் செத்தார்கள், அதில் இருவருக்குப் பத்தொன்பது வயது. மறு வருடம் ஆகஸ்டில் குவைத்தில் 23 பேர். மதுவே கூடாத நாடு அது.

அண்ணாச்சி பிழைத்தார். பதினோரு நாள் கழித்து வீல்சேரில் ஊருக்குக் கூட்டிவந்தேன். பயணக் காப்பீட்டில் மது தொடர்பான சிகிச்சைக்குப் பணம் கிடையாது என்று ஒரு வரி இருந்தது. குழுவுக்குப் பாலிசி எடுத்தவன் நான்தான், அந்த வரியை முதல்முறை படித்தது அன்றைக்குத்தான். நிலம் ஒன்றை விற்று அவர் மகன் கட்டினான்.

இப்போதெல்லாம் ஏர்போர்ட்டிலிருந்து ஓட்டல் போகும் பஸ்ஸிலேயே மைக்கில் சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்றால் டியூட்டி ஃப்ரீயில் வாங்குங்கள், இந்தோனேசியாவுக்குள் ஆளுக்கு ஒரு லிட்டர் அனுமதி உண்டு. இல்லையா, உங்கள் கண்ணெதிரே திறக்கும் பீர். பக்கெட்டில் கலந்து தருவது, ஓசியில் ஊற்றுவது வேண்டாம். கண் மங்கினால் நடுராத்திரியானாலும் என் கதவைத் தட்டுங்கள். பின்சீட்டிலிருந்து பதில் வரும்: “சார், நாங்க டாஸ்மாக்லயே குடிச்சு வளந்தவங்க!” பஸ் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரித்துவிட்டு, மறுநாள் காலை டிபன் வரிசையில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, சுவரில் இருக்கும் எதையாவது காட்டி, “அது என்ன எழுதியிருக்கு, படிங்க” என்கிறேன்.

போன வருடம் திருநெல்வேலிக்குப் போகும் வழியில் அவர் கடைக்குப் போனேன். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். ஆள் நிற்பது தெரிகிறது, முகம் தெரியாது. கல்லாவில் மகன் இருந்தான். அவன் தலைக்கு மேல் அந்த கிந்தாமணி குரூப் போட்டோவை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். டீ சொல்லியனுப்பிவிட்டு, போட்டோ இருக்கும் பக்கம் கையைக் காட்டினார்.

“மலை நல்லா விழுந்திருக்காமே தம்பி. பய சொன்னான்.”

“ஆமா அண்ணாச்சி” என்றேன்.