நாலு மணிச் சிட்டைகள்

"தம்பி, விடியற்காலையில் மட்டும் சிட்டை அடிக்க முடியவில்லை. ஐந்தரைக்குப் பிறகு தானாகவே சரியாகிவிடுகிறது." யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் மொத்த மரக்கறி வியாபாரம் செய்பவர் தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது நான் நம்பவில்லை. நேரம் காலம் பார்க்க மென்பொருள் என்ன பஞ்சாங்கமா? அதை எழுதியவன் நான். முந்திய வாரம்தான் அதைக் கடைக் கணினியிலிருந்து வாடகைச் சேர்வருக்கு மாற்றியிருந்தேன்.

பிழை வந்தது நாலு மணி பதினொரு நிமிடத்துக்கு என்று குறித்து வைத்திருந்தார். நடப்பதையெல்லாம் நேரத்தோடு பதிந்து வைக்கும் சேர்வரின் லொக் கோப்பில் 04:11ஐத் தேடினேன். பிழையே இல்லை, அந்த நேரத்தில் சிட்டைகள் மளமளவென்று சேமிக்கப்பட்டிருந்தன. இணைய இணைப்பில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டேன். நாலு மணி இருட்டில் அவ்வளவு வியாபாரம் எப்படி நடந்தது என்று கேட்கத் தோன்றவில்லை!

மறுநாள் நாலு மணிக்கு வெங்காய மூட்டையொன்றின் மேல் மடிக்கணினியை வைத்து, லொக்கில் புதிய வரிகள் விழ விழத் தெரியும்படி விட்டுவிட்டுக் காத்திருந்தேன். 4:08க்கு அவர் முதல் சிட்டையை அழுத்தினார். உடனே ஒரு வரி விழுந்தது. அதிலிருந்த நேரம் 22:38. அதன் வாலில் ஓர் 'இசட்' எழுத்து. உலகப் பொது நேரம் என்பதற்கான அடையாளம் அது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால்தான் நம் நேரம். முதல்நாள் நான் லொக்கில் பார்த்த 04:11, நம் காலை 9:41. 1996இல் கடிகாரத்தை முன்தள்ளி, 2006இல் மறுபடி ஐந்தரைக்கே கொண்டுவந்த நாடு இது. புதிய நேரத்தை ஏற்காதிருந்த வன்னிக்குப் போனால் "பழைய நேரமா, புதிய நேரமா" என்று கேட்டு வளர்ந்த எனக்கே அந்த எழுத்து கண்ணில் படவில்லை.

வரியில் இருந்த செய்தியோ "சிட்டையைச் சேமிக்க முடியவில்லை" என்பது மட்டும். அது நான் எழுதிய வாசகம். தரவுத்தளம் சொன்ன உண்மையான காரணத்தை என் நிரலே விழுங்கிவிட்டு, ஒப்புக்கு இதை எழுதி வைத்திருந்தது. மூலப் பிழையையும் அது எந்தக் கோப்பில், எந்த வரியில் எழுந்தது என்பதையும் சேர்த்துப் பதியும்படி அங்கேயே மாற்றினேன். அவர் மீண்டும் அழுத்தினார். இம்முறை லொக் வாய் திறந்தது: அந்தத் திகதியில் 1ஆம் இலக்கச் சிட்டை ஏற்கெனவே இருக்கிறது. திகதி, நேற்றையது.

கடைக் கணினி நள்ளிரவில் நாள் மாறியதும் இலக்கத்தை 1இலிருந்து தொடங்குகிறது. சேர்வருக்கோ நம் ஐந்தரை வரை நேற்றுத்தான். நேற்றைய 1 ஏற்கெனவே இருப்பதால் தரவுத்தளம் மறுக்கிறது. ஐந்தரைக்கு இரண்டு திகதிகளும் ஒன்றாகிவிடுகின்றன. பழைய கணினியில் எல்லாமே கொழும்பு நேரத்தில் ஓடியதால் இந்த வழு இத்தனை நாளும் தலைகாட்டவில்லை.

திருத்தம் ஒரே வரிதான்: சிட்டைத் திகதியை மட்டும் இலங்கை நேரத்தில் கணக்கிடுவது. லொக்கின் நேரத்தை நான் தொடவில்லை. பிழை வரிகளில் சிட்டை இலக்கத்தையும் திகதியையும் சேர்த்துக்கொண்டேன்.

ஒரு வாரத்து விடியற்காலை வியாபாரத்தை அவர் சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருந்தார். அதை முழுவதும் கணினியில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. "இணையத்தில்தான் கோளாறு என்றீர்களே, தம்பி" என்றபடி கொப்பியை நீட்டினார்.