சிடன்ஹாம் ஹில் காட்டில் சம்பளமில்லாத ஒரு நாள்

"லண்டன் வந்தவங்க மியூசியம் பார்ப்பாங்க, பாலம் பார்ப்பாங்க. நீ எதுக்குடா யாரோ ஊர்க் காட்டுல போய் செடி வெட்டப் போற?" என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் குரோய்டனில் அவள் வீட்டில் நான் தங்குவது மூன்று வாரம். ஊர் சுற்றல் முதல் வாரத்தோடு தீர்ந்துபோயிற்று. நவம்பர் வேறு, நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே இருக்க எனக்கு முடியவில்லை.

சுற்றுலா விசாவில் வந்தவன் வேலை செய்யலாமா என்று முதலில் ஒரு பயம். பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் என்றால், சம்பளம் வாங்காமல் மொத்தம் 30 நாள் வரை தன்னார்வமாகச் செய்யலாம் என்று விதியிலேயே இருக்கிறது. லண்டன் வைல்ட்லைஃப் டிரஸ்ட் அப்படியொரு அமைப்பு, 1981-ல் தொடங்கியது. நகரத்துக்குள்ளேயே காடு, குளம், புல்வெளி என்று பல இடங்களைப் பராமரிக்கிறார்கள். அதில் தென்கிழக்கு லண்டனில் இருக்கும் சிடன்ஹாம் ஹில் காடு எனக்குத் தோதாக இருந்தது. மின்னஞ்சல் போட்டேன். கனமான பூட்ஸ், அழுக்கானாலும் பரவாயில்லாத உடுப்பு, மதியச் சாப்பாடு, இவை போதும் என்று பதில் வந்தது. அக்கா புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள்.

வெஸ்ட் குரோய்டனில் ரயிலேறினால் அடுத்த நிலையம் நார்வுட் ஜங்ஷன். அந்தப் பெயரை தினம் தாண்டிப் போகிறவர்களில் எத்தனை பேர் யோசித்திருப்பார்களோ தெரியாது. 'நார்த் வுட்', வடகாடு. குரோய்டனுக்கு வடக்கே மேட்டு நிலமெங்கும் பரவிக் கிடந்த பெரிய காட்டின் பெயர்தான் இப்படித் தேய்ந்து ஸ்டேஷன் பலகையில் நிற்கிறது. அந்தக் காட்டு மரத்தை எரித்துக் கரி மூட்டம் போட்டவர்களால் குரோய்டன் ஒரு காலத்தில் கரிக்காரர்களுக்குப் பேர்போன ஊராக இருந்தது. இன்று அந்த வடகாடு துண்டு துண்டாகத்தான் மிச்சம். அதில் பெரிய துண்டு, சிடன்ஹாம் ஹில் காடும் அதை ஒட்டிய டல்விச் காடும்.

ஃபாரஸ்ட் ஹில்லில் இறங்கி, ஹார்னிமன் மியூசியத்தைத் தாண்டி நடந்தால் காக்ஸ் வாக் என்ற மேடேறும் பாதை. இரண்டு பக்கமும் ஓக் மரங்கள். நூறடி நடந்ததும் பஸ் சத்தம் அடங்கிவிட்டது. அதற்குப் பதிலாகத் தலைக்கு மேலே 'கீ... கீ...' என்று ஒரு கூச்சல். அண்ணாந்து பார்த்தால் நம்ம ஊர்ப் பச்சைக்கிளி! கழுத்தில் சிவப்பு ஆரம் போட்ட அதே செந்தார்ப் பைங்கிளி, இலை உதிர்ந்த மரத்தில் ஏழெட்டு உட்கார்ந்திருந்தன. கூண்டிலிருந்து தப்பிய கிளிகள் பெருகி இன்று லண்டன் முழுக்க இருக்கின்றன. எட்டு டிகிரி குளிரில் அவை அலட்டிக்கொள்ளவே இல்லை. நான்தான் இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன்.

தன்னார்வலர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். பாதிப்பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி தோளில் மண்கொத்தியோடு வந்து, என்னைக் காலிலிருந்து தலை வரை பார்த்துவிட்டு, "பூட்ஸ் பரவாயில்லை" என்றார். சேர்த்துக்கொண்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் மரக்கன்று நடப் போகிறோம் என்று நினைத்திருந்தேன். நம்ம ஊரில் இயற்கைப் பாதுகாப்பு என்றால் குழி தோண்டி, கன்று வைத்து, தண்ணீர் ஊற்றி, போட்டோ எடுப்பதுதானே. இங்கே என் கையில் கொடுத்தது ஒரு வில் ரம்பம். வேலை, வெட்டுவது. அதுவும் பளபளவென்று பச்சையாக, மழையில் கழுவிவிட்ட மாதிரி நின்ற செடியை. காடு முழுக்க மொட்டையாக நிற்க, அது மட்டும்தான் பச்சை. என் கண்ணுக்கு அங்கே உயிரோடு இருந்ததே அதுதான்.

அதன் பேர் செர்ரி லாரல். அது அங்கே வந்த கதை கொஞ்சம் நீளம். 1854-ல் கிரிஸ்டல் பேலஸ் என்ற பிரம்மாண்டக் கண்ணாடி மாளிகையை ஹைட் பார்க் பக்கமிருந்து பெயர்த்து வந்து இந்த மேட்டில் திறந்தார்கள். அதைத் தொடர்ந்து பணக்காரர்கள் இங்கே பங்களா கட்டினார்கள். 1865-ல் மாளிகைக்குப் போக ஒரு ரயில் பாதையும் காட்டை ஊடறுத்து வந்தது. மாளிகை 1936-ல் எரிந்துபோயிற்று. ரயில் 1954-ல் நின்றது. பங்களாக்களும் இடிந்தன. மனிதர்கள் எல்லாம் போய்விட்டார்கள், அவர்கள் தோட்டத்தில் அழகுக்கு வைத்த செடிகள் மட்டும் போகவில்லை. லாரல் ஒன்று, இன்னொன்று ரோடோடென்ட்ரான். நீலகிரிச் சோலையில் சிவப்பாகப் பூக்குமே, அதன் உறவுக்காரன். ஆனால் சோலையில் இருப்பது அந்த மண்ணுக்குச் சொந்தக்காரன், இது வந்தேறி. இரண்டும் குளிர்காலத்திலும் இலை உதிர்க்காது. மற்ற மரங்கள் இலை விடுமுன் வரும் வெயிலை நம்பித்தான் தரையில் இருக்கும் பூச்செடிகள் பிழைக்கின்றன. அந்த வெயிலை இவை மறைத்துவிடும். அழகுக்கென்று கொண்டுவந்த உண்ணிச்செடி நம்ம மலைக்காட்டில் என்ன செய்கிறதோ, அதேதான்.

சரி, வெட்ட ஆரம்பித்தேன். தொடை கனத் தண்டு. பத்து இழுப்பில் ரம்பம் இறுகி நின்றுவிட்டது. பலம் கொடுத்து அழுத்தினேன், இன்னும் இறுகியது. மண்கொத்திப் பாட்டி வந்து தண்டைத் தன் தோளால் ஒரு பக்கம் சாய்த்துத் தள்ளினார். வெட்டு வாய் திறந்தது. "அழுத்தாதே, ரம்பமே அறுக்கும்" என்றார். அறுத்தது. கிளை விழுந்ததும் குப்பென்று ஒரு வாசனை, பாதாம் எசென்ஸ் ஊற்றிய கேக் மாதிரி. எனக்குப் பசியெடுத்தது. "நல்ல வாசனை இல்லையா? சயனைடு" என்றார் பாட்டி, சர்வசாதாரணமாக. லாரல் இலை கசங்கினால் அது கொஞ்சமாக வெளிவருமாம். பழைய காலத்துப் பூச்சி சேகரிப்பாளர்கள், பிடித்த பூச்சியைக் கொல்ல இந்த இலையை நசுக்கிப் பாட்டிலில் போட்டு வைப்பார்களாம். திறந்த வெளியில் பயமில்லை என்றார்கள். இருந்தாலும் அப்புறம் நான் கொஞ்சம் தலையைத் திருப்பிக்கொண்டுதான் அறுத்தேன்.

வெட்டியதில் ஒரு தப்பும் செய்தேன். இரண்டு அடிக்கட்டைகளைச் சரிவாக, ஈட்டி மாதிரி விட்டுவிட்டேன். நாயோ பிள்ளையோ தடுக்கி விழுந்தால் குத்திவிடும் என்று தரையோடு தட்டையாகத் திரும்ப அறுக்கச் சொன்னார்கள். முதல் முறையை விட இது கஷ்டம். லண்டன் களிமண் அப்படி வழுக்கும். முழங்கால் போட்டு அறுத்ததில் பேன்ட் போயிற்று.

வெட்டிய கிளையை எரிக்கவோ வெளியே கொண்டுபோகவோ இல்லை. இரண்டு வரிசையாகக் கம்பு ஊன்றி, நடுவில் கிளைகளை அடைத்து வேலி போட்டார்கள். எங்கள் தாத்தா கருவேல முள் வெட்டித் தோட்டத்துக்கு வேலி அடைப்பார், அச்சு அசல் அதே வேலை. இதில் எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை. மூன்று கட்டுக் கிளையை மிதித்து இறுக்கிக் காட்டியதும் பாட்டி முதல்முறையாகச் சிரித்தார். ஒற்றையடிப் பாதையை விட்டு ஜனங்கள் உள்ளே நடந்து மண்ணை இறுக்கிவிடாமல் தடுக்கத்தான் இந்த வேலி. வேலிக்குள் குருவி ஒண்டும், பூச்சி குடியிருக்கும்.

ஒரு பக்கம் ஹார்ன்பீம் மரங்களைப் பழைய முறைப்படி அடியோடு வெட்டி விட்டிருந்தார்கள். கரும்பு மறுதாம்பு மாதிரி அடிக்கட்டையிலிருந்து பத்துப் பதினைந்து தளிர் கிளம்பும். கரிக்காரர்கள் காலத்திலிருந்தே இந்தக் காட்டை இப்படித்தான் வெட்டி வெட்டி வளர்த்திருக்கிறார்கள். மார்ச் முதல் பறவைகள் கூடு கட்டும் என்பதால் இந்த வேலையெல்லாம் குளிர்காலத்தில்தான்.

மக்கிய கட்டை ஒன்றை ஓரமாக உருட்டப் போனேன். "அதைத் தொடாதே" என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மான் கொம்பு போல் தாடை நீண்ட ஒரு பெரிய வண்டு இருக்கிறது, பிரிட்டனிலேயே பெரிய வண்டுகளில் ஒன்று. தெற்கு லண்டன் அதற்குக் கோட்டை மாதிரி. அதன் புழு மண்ணுக்கடியில் மக்கும் மரத்தைத் தின்றுகொண்டு வருஷக்கணக்கில் கிடக்கும். வண்டாக வெளியே வந்தபின் ஒரு கோடைதான் வாழ்க்கை.

மதியம் புளிசாதத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பழைய ரயில் பாதைக்கு மேலே போகும் நடைபாலத்துக்குப் போனேன். 1871-ல் பிசாரோ என்ற பிரெஞ்சு ஓவியர், தன் நாட்டில் நடந்த போருக்குத் தப்பி நார்வுட்டில் தங்கியிருந்தபோது, இங்கே நின்று லார்ட்ஷிப் லேன் ஸ்டேஷனை வரைந்தார். தண்டவாளம், வரும் ரயில், இரண்டு பக்கமும் ஏறக்குறைய வெறும் மேடு. அதே இடத்தில் நான் நின்று பார்த்தால் ஸ்டேஷனும் இல்லை, தண்டவாளமும் இல்லை. மரம், மரம், மரம். பாதை போன சுரங்கம் இப்போது வௌவால்களுக்கு. திரும்பி வந்தபோது நாங்கள் கிளறிய மண்ணில் ஒரு ராபின் குருவி, என் பூட்ஸிலிருந்து ஒரு முழம் தள்ளி, புழு பொறுக்கிக்கொண்டிருந்தது. ஒரு சோற்றுப் பருக்கையைப் போட்டேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்குக் கருவிகளைக் கழுவி எண்ணி வைத்தோம். நாள் முழுக்கப் பத்துப் பேர் வெட்டியது, ஒரு டென்னிஸ் மைதானம் அளவு இருக்கும். அடிக்கட்டை திரும்பத் தளிர்க்கும், அடுத்த வருஷம் மறுபடி வரவேண்டும் என்றார் பாட்டி. அலுப்பாகச் சொல்லவில்லை, களை எடுக்கிற விவசாயி சொல்கிற மாதிரி.

குரோய்டனுக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அக்கா வீட்டு வாசல் விளக்கு வெளிச்சத்தில் வேலிச்செடி பளபளவென்று நின்றது. ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தேன். பாதாம்.

"அக்கா, இந்த வேலி எங்க வாங்கினது?"

"தோட்டக் கடையிலதான். வருஷம் முழுக்கப் பச்சையா இருக்கும்னான். ஏன், நல்லாருக்கா? முதல்ல அந்த பேன்ட்டை வெளியவே கழட்டிட்டு வா."