எலிக்கும் எண்டோஸ்கோபி உண்டு

பெங்களூரில் எனக்கு, இரைப்பைப் புற்று எப்படி வளர்கிறது என்று அறிய எலி வயிற்றுக்குள் கேமரா விட்டுப் பார்க்கிற வேலை. எதிர் ஃப்ளாட் மதுரைக்கார அக்கா இதைக் கேட்டுவிட்டு, "அதுக்கு எதுக்குத் தம்பி கேமரா, அறுத்துப் பார்த்தா தெரியாதா?" என்றார்.

தெரியும், ஆனால் ஒரு தடவைதான் தெரியும். இரைப்பைப் புற்று திடீரென்று வருவதில்லை. நாள்பட்ட அழற்சி, அப்புறம் சுரப்பிகள் தேய்வது, குடல் செல் மாதிரியானவை இரைப்பையில் முளைப்பது, செல்களின் அமைப்பே கெடுவது, கடைசியில் புற்று என்று பெலாயோ கொரியா என்ற நோயியல் நிபுணர் ஒரு வரிசை சொன்னார். அறுத்துப் பார்க்கும் முறையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கூட்டம் எலிகளைக் கொல்ல வேண்டும், அதனால் இன்று பார்த்த புண் பின்னால் கட்டியாகியிருக்குமா, ஆறியிருக்குமா என்று சொல்லவே முடியாது. எண்டோஸ்கோபியில் அதே எலியை, அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். எலிகளும் குறைவாகப் போதும்.

ஜப்பானில் 1967-ல் சுகிமுரா, ஃபுஜிமுரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் எம்என்என்ஜி என்ற வேதிப்பொருளைக் குடிநீரில் கலந்து கொடுத்து எலிகளுக்கு இரைப்பைப் புற்று வரவழைத்தார்கள். அப்போது எலிக்கேற்ற ஸ்கோப் ஏது? மனித ஸ்கோப் நுழையும் என்பதால் பிறகு நாய்களில்தான் கட்டி வளர்வதைத் தொடர்ந்து பார்த்தார்கள். இப்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனிலேயே ஸ்கோப் கிடைக்கிறது.

முதல் நாள் ராத்திரி எலிக்குப் பட்டினி. நம்மைப் பட்டினி போடுவது மயக்க மருந்தில் வாந்தி வந்துவிடுமோ என்ற பயத்தில். எலிக்கு வாந்தி எடுக்கவே வராது, இந்தப் பட்டினி கேமராவுக்கு வழி தெரிவதற்காக. கூண்டின் தரையில் கம்பி வலை போடாமல் விட்டால் மரத்தூளையும் தன் புழுக்கையையும் தின்றுவிட்டு வயிறு நிறைய உட்கார்ந்திருக்கும், அன்றைய வேலை போச்சு. உள்ளே காற்று ஊதும்போதும் கவனம் வேண்டும், கொஞ்சம் கூடினால் உதரவிதானம் அழுந்தி மூச்சே நின்றுவிடலாம்.

இன்னொரு சிக்கல், எலி இரைப்பையில் சுரப்பியே இல்லாத வெளுத்த முன்பகுதி ஒன்று உண்டு, மனிதருக்குக் கிடையாது. அங்கே கட்டியைப் பார்த்துவிட்டுக் குதிக்கக் கூடாது, அது நமக்கு வருகிற இரைப்பைப் புற்று அல்ல. நடுவிலுள்ள வரப்பைத் தாண்டி இளஞ்சிவப்பாக இருக்கும் சுரப்பிப் பகுதிக்குள் போனால்தான் பார்த்ததற்கு அர்த்தம்.

அப்படியே போனாலும் தெரிவது மேற்பரப்பு மட்டும்தான். கட்டி சுவருக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதற்குக் கடைசியில் அறுத்து ஸ்லைடு போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தே ஆகவேண்டும். என்ன, ஸ்லைடோடு வைத்துப் பார்க்க அதே எலியின் பழைய வீடியோக்கள் கையில் இருக்கும்.